மச்சத்துக்கு ஒரு விரல் மேலே

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். வேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று எழுதினால் நீ நம்பப்போவதில்லை. ஆகவே தூங்குகிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். உன் தோள்வலி தேவலையா? மாமாவின் இருமல் கடை வரை கேட்கிறதா, வீட்டோடு நின்றுவிட்டதா?

போனில் பேசினால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு முடி வெட்டுகிறாய். போன வாரம் நான் ஏன் இளைத்துவிட்டேன் என்று உன் வாடிக்கையாளர் ஒருவர் என்னை விசாரித்தார். இனிமேல் கடிதம்தான்.

அறை மூன்றாம் மாடியில். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்கள். யாரோ குளிக்கிறார்கள் என்பது மட்டும் தெரியும்.

என்ன ஆராய்ச்சி என்று மாமா கேட்டார். ஸ்பீக்கரில் சொல்லக் கூச்சமாக இருந்தது.

மச்சம். அதுதான் வேலை. தோலுக்கு நிறம் தரும் செல்கள் ஒரே இடத்தில் கூடிப் பெருகினால் மச்சம். ஒவ்வொரு செல்லின் மேலும் ஏற்பிகள் இருக்கின்றன. ஆய்வகத்தில் எல்லாரும் ரிசெப்டர் என்கிறோம். கதவுக்கு வெளியே நீட்டிய கை என்று வைத்துக்கொள். வளர்ச்சிக் காரணி என்ற ஒன்று மிதந்து வந்து அந்தக் கையில் கடிதம் கொடுக்கும். 'வளரலாம்' என்று ஒரே வரி. கை அதை உள்ளே சொல்லும். செல் இரண்டாகும். மச்சத்தில் இது கொஞ்ச காலம் நடந்து, பிறகு நின்றுவிடுகிறது. ஏன் நிற்கிறது என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. தோல் புற்றில் நிற்பதில்லை. சில சமயம் கடிதமே வந்திருக்காது. வந்துவிட்டது, வந்துவிட்டது என்று கை உள்ளே சொல்லிக்கொண்டே இருக்கும்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். புற்று ஆஸ்பத்திரிக்குத் தானாக வருகிறது. சாதாரண மச்சத்தை யார் கொண்டுவந்து கொடுப்பார்கள்? அதனால் எங்களிடம் ஒரு வழக்கம். புதிதாகச் சேருகிறவர் தன் மச்சம் ஒன்றைக் கொடுக்க வேண்டும். நுழைவுக் கட்டணம் மாதிரி.

நானும் கொடுத்துவிட்டேன். இடது காதுக்குப் பின்னால் இருந்ததை. தோல் டாக்டர் எனக்குச் சிநேகிதி. இரண்டு நோயாளிகளுக்கு நடுவே எடுத்துவிட்டாள். இரண்டு தையல். "கொஞ்சம் ஆடாம இரு" என்றாள். உன் ஞாபகம் வந்தது. எடுத்ததை முதலில் நோயியல் பிரிவுக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்பது விதி. நம் மச்சம்தானே என்று நேராக எங்கள் மேசைக்கு வந்துவிட்டது.

மாமாவுக்கு வணக்கம். உன் கத்தரிக்கோலுக்கும்.

உன்
கோணத்தலை


ஜனவரி 20

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். தோள்வலி தோளில்தான் இருக்கிறது, வேறெங்கும் போகவில்லை. மாமாவின் இருமல் போய்விட்டது. அதைப் பற்றிய பேச்சு போகவில்லை.

யாரைக் கேட்டு எடுத்தாய்?

அது உன் மச்சம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அதை ஒரு தடவையாவது உன் கண்ணால் பார்த்திருக்கிறாயா? பார்த்தவள் நான். நான் கத்தரி பிடிக்கக் கற்றதே உன் தலையில்தான். உட்காரவைத்தால் ஓணான் மாதிரி ஆட்டுவாய். எதைப் பிடித்துக் கோடு போடுவது? மச்சத்துக்கு ஒரு விரல் மேலே இடப்பக்கத்தை நேராக்குவேன். அதைப் பார்த்து வலப்பக்கம். இத்தனை வருஷம் உன் பின்கழுத்து மட்டமாக இருந்தது அதனால்தான். கொத்தனாரின் ரசமட்டத்தைப் பிடுங்கி ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிட்டாயே!

மாமாவிடம் சொன்னேன். "உன் தம்பி மச்சக்காரன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன். இப்ப அதையும் தானம் பண்ணிட்டானா?" என்று சிரிக்கிறார்.

நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் அது எள். கல்லூரியில் கடுகு. போன வருஷம் நீ கிளம்புவதற்கு முன் வெட்டினேனே, அப்போது மிளகு. ஓரத்தில் கொஞ்சம் கறுத்தும் இருந்தது. ஆள் சதை போட்டிருக்கிறான், மச்சமும் சதை போட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தையல் ஆறியதா? அங்கே எவன் உன் தலையில் கை வைக்கிறான்? கை சுத்தமா என்று மட்டும் எழுது.

ரசமட்டம் இழந்த
உன் அக்கா


பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தையல் ஆறிவிட்டது. மாமா இருமலைப் பற்றிப் பேசட்டும், இருமுவதைவிட நல்லது.

நீ கேட்காததைச் சொல்கிறேன். மச்சத்தை எப்படிப் பார்க்கிறோம் என்று.

மெழுகில் புதைத்துக் கட்டியாக்குகிறோம். அந்தக் கட்டியைச் சீவுகிறோம். முடியைவிட மெல்லிய சீவல். அதைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, ஏற்பி இருக்கும் இடத்தில் மட்டும் பிடிக்கிற சாயம் போடுகிறோம். வழக்கமான சாயம் பழுப்பு. மச்சத்தின் சொந்த நிறமும் பழுப்பு. ஒன்றுக்குள் மற்றொன்று ஒளிந்துகொள்ளும். அதனால் எங்களுக்குச் சிவப்பு.

தகட்டில் பெயர் கிடையாது, எண்தான். யாருடையது என்று பார்க்கிறவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கண் ஏமாற்றும். எண் ஒட்டுகிறவனும் நான், பார்க்கிறவனும் நான். மறந்துவிட முயல்கிறேன்.

சாதாரண மச்சத்தில் தோலை ஒட்டி நல்ல சிவப்பு. உள்ளே போகப் போக வெளிறும். செல்களும் சிறுத்துவிடும். வாசலில் கத்திக்கொண்டு வந்த பிள்ளைகள் வகுப்புக்குள் போய் உட்கார்ந்த மாதிரி. எனக்கு அந்த இடம் பிடிக்கும். அங்கேயே கொஞ்ச நேரம் நிற்பேன்.

ஒரு தகடு மட்டும் அடங்கவில்லை. சாதாரண மச்சங்களின் தட்டில் இருப்பது. எண் பதினேழு. மேலிருந்து கீழ் வரை ஒரே சிவப்பு. சாயம் கெட்டிருக்க வேண்டும். மறுபடி போட வேண்டும்.

முடி வெட்டுகிறவர் கை சுத்தம். கத்தரி சுமார்.

உன்
தம்பி


பிப்ரவரி 18

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம், டிரைவிங் ஸ்கூல்காரரைத் தவிர. அதற்குக் காரணம் நீ.

உன் கடிதங்களுக்குப் பிறகு என் கண் முடியில் நிற்பதில்லை. வருகிறவர்களின் கழுத்திலும் காதிலும் மேய்கிறது. அவர் உச்சந்தலையில் கறுப்பாக ஒன்று தெரிந்தது. கொஞ்சம் அதிகமாகவே குனிந்து பார்த்துவிட்டேன்.

"என்னம்மா, வழுக்கை விழுதா?"

"இல்லங்க. இங்க ஒரு மச்சம் இருக்கே. ரொம்ப நாளா இருக்கா?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? தலைக்குப் பின்னாடி கண்ணாடியா மாட்டியிருக்கேன்?"

"வண்டியில மாட்டியிருக்கீங்கல்ல?"

கடையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பாதி வெட்டோடு எழுந்து டாக்டரிடம் ஓடினார். மறுநாள் வந்தார். மச்சமே இல்லையாம். வீட்டில் அடித்துக்கொண்ட டை திட்டாகக் காய்ந்திருந்ததாம். நாற்காலியில் உட்கார்ந்து, "மீதியை வெட்டு. வாயை மட்டும் தொறக்காத" என்றார். மாமா இப்போது யார் வந்தாலும் "டாக்டரம்மா உள்ள இருக்காங்க, போங்க" என்கிறார்.

அந்தப் பதினேழு என்ன ஆயிற்று? சாயத்தைத் திட்டாதே. கோணலாக வெட்டிவிட்டால் நான்கூட முதலில் கத்தரியைத் திட்டுவேன். அப்புறம் உன்னை. நீ ஆடினாய் என்று சொல்லிவிட்டால் என் கைக்கு மரியாதை.

யாருடைய மச்சம் அது? அவருக்குச் சொல்லிவிட்டீர்களா?

உன்
அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை.

புதுப் புட்டியிலிருந்து சாயம் எடுத்தேன். சிவப்பு. கழுவுகிற நீரை மாற்றினேன். சிவப்பு. கட்டியிலிருந்து புதிதாகச் சீவினேன். பக்கத்துத் தகடுகள் எல்லாம் ஒழுங்காக அடங்குகின்றன.

இனி அறையின் சூட்டைக் கவனிக்க வேண்டும். சூடு அதிகமானாலும் இப்படி ஆகும் என்று படித்திருக்கிறேன்.

முடி வளர்க்கிறேன். காதை மூடிவிட்டது. கடைக்குப் போக நேரமில்லை.

டிரைவிங் ஸ்கூல்காரருக்கு என் வருத்தத்தைச் சொல்.

தம்பி


மார்ச் 22

தம்பி,

நாங்கள் நலம். அதை விடு.

சட்டைக் காலரில் முடி பட்டால் உனக்கு அரிக்கும். பத்து வயதில் அதற்காக அழுதிருக்கிறாய். நீ முடி வளர்க்கிறாயா?

கணக்கில் நீ தோற்ற வருஷம் வீட்டுக்கு வந்து என்ன பேசினாய், ஞாபகமிருக்கிறதா? அந்தப் பேனாவின் மையைப் பற்றி. மை எப்படி ஊறியது, தாள் எப்படி உறிஞ்சியது. சாப்பாடு முடியும் வரை மை. மார்க் என்ன என்று கடைசியில் நான்தான் கேட்டேன்.

நான் இரண்டு கேள்வி கேட்டிருந்தேன். நீ சூட்டைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

போனில் கேட்டால் "ஒண்ணுமில்லக்கா" என்பாய். அந்த ஒண்ணுமில்லையை மாமாவின் இருமலைவிட அதிகம் கேட்டவள் நான். அதனால் எழுதிக் கேட்கிறேன். பொய்யை எழுத உனக்குக் கை வராது.

பதினேழு உன்னுடையதா?

ஒரு வார்த்தை போதும். நலம் விசாரிக்க வேண்டாம்.

அக்கா


ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

ஆமாம்.

உன் கடிதம் சட்டைப்பையில் பல நாள் இருந்தது. ஒரு வார்த்தை எழுத இத்தனை நாள். அந்த வார்த்தையை முதலில் வேறொருவரிடம் சொல்ல வேண்டியிருந்தது.

எங்கள் ஆஸ்பத்திரியில் நோயியல் டாக்டர் ஒரு அம்மா. அவருடைய மைக்ராஸ்கோப்பில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே தகட்டைப் பார்க்கலாம். நேற்று காலை பதினேழை எடுத்துக்கொண்டு போனேன். வைத்தேன். அவர் பார்த்தார். நான் என் பக்கம் குனியவில்லை.

"இது ஏன் சாதாரண மச்சத் தட்டுல இருக்கு?"

"சாயம் சரியில்லன்னு நெனச்சேன் மேடம்."

"எத்தனை தடவை போட்டீங்க?"

"நாலு."

"பக்கத்துல இருந்ததெல்லாம்?"

"ஒழுங்கா வந்துச்சு."

"அப்ப சாயம் என்ன பண்ணும், பாவம்." அவர் தகட்டை மெல்ல நகர்த்தினார். "இது மச்சம் இல்ல. யாருது? அந்த ஆள்கிட்ட உடனே சொல்லணும்."

"அவருக்குத் தெரியும் மேடம்."

"தெரியுமா? என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. நின்னுட்டிருக்கார்."

அவர் தலையை நிமிர்த்தினார். என் காதை மூடியிருந்த முடியைப் பார்த்தார்.

"உக்காருடா" என்றார்.

இதுவரை என்னை 'வாங்க போங்க' என்றுதான் பேசுவார்.

அளந்தார். ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அது நல்லது, மிகவும் நல்லது என்று இரண்டு முறை சொன்னார். பிறகு திட்டினார். விதியை மீறியதற்காக ஒரு தடவை. பார்த்த அன்றே வராததற்காக நெடுநேரம். என் சிநேகிதியையும் கூப்பிட்டுத் திட்டினார். இருந்த இடத்தைச் சுற்றி இன்னும் ஒரு சென்டிமீட்டர் தோலை எடுக்க வேண்டும். அந்தத் தோலில் மிச்சம் எதுவும் இல்லையென்றால் அவ்வளவுதான், பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டால் போதும். இருந்தால் வேறு கதை. வரும் செவ்வாய்க்கிழமை எடுக்கிறார்கள்.

நீ மிளகு என்று எழுதியிருந்தாயே. அந்த வரியை அன்றே படித்தேன். இந்த வேலையைச் செய்கிற எவனும் அங்கேயே எழுந்திருப்பான். நான் மடித்து வைத்துவிட்டேன்.

வரவேண்டாம் அக்கா. கடையை மூடாதே. சின்ன வேலைதான். முடிந்ததும் எழுதுகிறேன்.

உன்
தம்பி


ஏப்ரல் 9

தம்பிக்கு,

ரயில் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இது உன்னிடம் வரும் முன் நான் வந்துவிடுவேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. பையில் கத்தரி இருக்கிறது, வெட்டத்தான் தலை இல்லை.

உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை. நேற்றும் வரவில்லை. மாமா வழியனுப்ப வந்திருக்கிறார். "அவன் ஏதாவது எழுதட்டும், அப்புறம் போயேன்" என்று நேற்று வரை சொன்னார். இன்று காலை அவரே பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார். வழியெல்லாம் ஒரு தடவைகூட இருமவில்லை.

நீ எழுதினாயே, கடிதம் வராமலேயே வந்துவிட்டது வந்துவிட்டது என்று சொல்லும் கை. உன் கணக்குப்படி நானும் அந்த ரகம்தான். வந்ததும் எனக்கும் வைத்தியம் பார்.

அக்கா


மே 4

அன்புத் தம்பிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். மாமா இளைத்திருக்கிறார். நான் இல்லாதபோது கடையில் என் உதவிக்காரி டிரைவிங் ஸ்கூல்காரருக்கு வெட்டியிருக்கிறாள். "இந்தப் பொண்ணு வாயே தொறக்கல, ரொம்ப நல்ல பொண்ணு" என்று பாராட்டிவிட்டுப் போனாராம். ஆனால் போகும்போது, "தம்பி எப்படி இருக்கான்னு கேட்டேன்னு சொல்லு" என்றாராம்.

மேசை இழுப்பறையில் உன் கடிதம் இருந்தது. வரவேண்டாம் என்று நீ எழுதியதை வந்து போன பிறகு படித்தேன். நல்லவேளை.

உன் அறை நான் நினைத்ததைவிடச் சின்னது. குழாய்களையும் பார்த்தேன். எதிர் வீட்டுக்காரர் காலையில் இரண்டு தடவை குளிக்கிறார், இதை நீ எழுதவேயில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் அந்த நர்ஸ் உன் காதோரம் மிஷினை வைத்து வழித்தாளே, எனக்குப் பொறுக்கவில்லை. வேலை தெரிந்தவள் முடியை அப்படிப் பிடிக்கமாட்டாள். வெளியே போய் நின்றேன். நீ என்னைத் தேடினாய் என்று அப்புறம் சொன்னாய்.

தையல் பிரித்த மறுநாள் வெட்டினேனே, அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். படுக்கை விரிப்பை உன் கழுத்தில் கட்டிவிட்டு நிற்கிறேன், எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. ரசமட்டம் இல்லையே. அப்புறம் அந்தத் தழும்பையே வைத்துக்கொண்டேன். விரல் நீளம் இருக்கிறது. சிவந்திருக்கிறது. அதன் மேல் முனைக்கு ஒரு விரல் மேலே. நீ வழக்கம்போல் ஆடினாய். இருந்தாலும் கோடு நேராக வந்துவிட்டது. பழைய கைதானே.

தலை அலசும்போது எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். உச்சிக்குப் பக்கத்தில் ஒன்று, எள். பிடரியில் ஒன்று, கடுகுக்கும் குறைவு. இரண்டும் ஒரே நிறம், ஓரம் சுத்தம். உன் தோல் டாக்டரிடம் அப்படியே சொல். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவர் பார்ப்பதற்கு முந்தின நாள் நான் பார்ப்பேன். டிக்கெட் மாமா எடுத்துவிட்டார். அதுவரை வேறு எவனும் அந்தத் தலையில் கை வைக்கக்கூடாது.

எடுத்த தோலைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று வந்ததும் எழுது. நல்லதோ கெட்டதோ, வந்த அன்றே. மையைப் பற்றி எழுதாதே.

வேளைக்குச் சாப்பிடு. இந்தத் தடவை எழுதினால் நம்புகிறேன்.

உன்
அக்கா


மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் அது. இன்று வந்தது. எடுத்த தோலில் ஒன்றும் இல்லை. சுற்றிலும் இல்லை, அடியிலும் இல்லை. டாக்டர் அம்மா என்னையும் எதிரே உட்காரவைத்துக் காட்டினார். இந்தத் தடவை நான் குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு ஓரமாக. அடங்கியிருந்தது. என் கண் நெடுநேரம் அங்கேயே நின்றது.

மாமாவிடம் உடனே சொல். டிரைவிங் ஸ்கூல்காரரிடமும்.

பதினேழை இடம் மாற்றிவிட்டேன். மற்றத் தட்டில் இப்போது அதற்கு வேறு எண். வேறு வேலை தரட்டுமா என்று பேராசிரியர் கேட்டார். வேண்டாம் என்றேன். எங்கள் வழக்கமும் மாறிவிட்டது. யார் மச்சம் கொடுத்தாலும் முதலில் அந்த அம்மாவின் மேசைக்குப் போகிறது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, "சாதாரண மச்சம்தானே சார்?" என்று கேட்டாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றேன்.

வேளைக்குச் சாப்பிடுகிறேன். நம்பு.

இன்னொன்று. இரண்டு கண்ணாடி வாங்கினேன். ஒன்றைச் சுவரில் மாட்டி, ஒன்றைக் கையில் பிடித்தால் காதுக்குப் பின்னால் தெரிகிறது. என் பின்கழுத்தை நானே பார்ப்பது இதுதான் முதல் தடவை. தழும்பு வெளுக்கத் தொடங்கியிருக்கிறது. நீ வெட்டிய கோடும், முடி கொஞ்சம் வளர்ந்திருந்தாலும், தெரிகிறது. இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட ஒரு நூல் இறங்கியிருக்கிறது. தழும்புக்கு நேர் மேலே ஒரு சின்ன நெளிவும் இருக்கிறது.

சிநேகிதி சரிசெய்துவிடவா என்று கத்தரியை எடுத்தாள். தொடவிடவில்லை. நீ வரும் வரை அது அப்படியே இருக்கும்.

அன்றைக்கு நான் ஆடவில்லை அக்கா.

உன்
கோணத்தலை